ஈயம் வைக்காத அங்கி

பாஸ்டர் கொடுத்தனுப்பிய சீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் வரைக்கும் தையல்காரி நிதானமாகத்தான் படித்தாள். ஐந்தாவது பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் போட்ட போட்டில், பக்கத்து அறையிலிருந்து மகள் ஓடி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உங்கப்பாவைக் கொன்னவன் ஞானஸ்நானம் எடுக்கப் போறானாம். வெள்ளை அங்கி வேணுமாம். அதை நான் தச்சுக் குடுக்கணுமாம்."

மகள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மற்ற நான்கு பேருக்கும் அளவு குறித்திருந்தது. ஐந்தாவது ஆளுக்கு நேராக, "வியாழக்கிழமை நேரில் வருவார்" என்று பாஸ்டரின் அழகான கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் அழகைப் பார்த்தே தையல்காரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பதினான்கு வருடமாக அந்தச் சபைக்கு ஞானஸ்நான அங்கி தைக்கிறவள் அவள்தான். மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் தொட்டி, இடுப்பளவுத் தண்ணீர். துணி தண்ணீரில் மிதக்கும் என்ற சின்ன விஷயத்தை முதல் வருடம் யாரும் யோசிக்கவில்லை. கனத்த உடம்புக்கார அக்கா ஒருத்தி இறங்கியதும் அங்கி குடையாக விரிந்து மேலே வந்து, சபை மொத்தமும் கூரையைப் பார்த்துக்கொண்டே பாட்டுப் பாட வேண்டியதாகிவிட்டது. மறுவாரமே தையல்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்குத் தட்டையான ஈயத் துண்டுகள். அங்கியின் கீழ் மடிப்பில் குட்டிக் குட்டிப் பைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்குப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு அந்தச் சபையில் யார் மானமும் மிதக்கவில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் எல்லோரும் அவரை "ரெண்டுதரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் நாலடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார்; சட்டை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் குனிவார். கல்யாணத்தன்று "சம்மதமா?" என்று பாஸ்டர் கேட்டதற்குச் "சம்மதம்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த வரிக்குப் போன பிறகு "சம்மதம்தான்" என்று தானாகவே இன்னொரு தரமும் சொல்லி, சபையையே சிரிக்க வைத்தவர். இருபது வருடம் அந்தக் குணத்தை வைத்து அவள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறாள். இப்போது அந்தக் கிண்டல் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து குத்துகிறது.

அந்த மனிதர் ஆறு வருடத்துக்கு முன்னால் கவனக்குறைவால் செத்தார் என்று கம்பெனி எழுதி வைத்திருக்கிறது.

லிஃப்டின் அடியில் குழி இருக்கும். அதில் இறங்கி வேலை செய்ய வேண்டுமென்றால், கூட்டாளி மேல்மாடி மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்கு ஒரு பூட்டும் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வாக்கிடாக்கியில் "பூட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் கீழே இருப்பவன் குழிக்குள் கால் வைப்பான். அன்றைக்கு மேலே போக வேண்டிய கூட்டாளி விசில்காரன். எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்வதால் அந்தப் பெயர். மூன்றாம் மாடியில் யாரோ லிஃப்டில் ஏறித் தரைத்தளப் பொத்தானை அழுத்தினார்கள். லிஃப்ட் இறங்கியது. விசாரணையில் விசில்காரன் சொன்னது ஒரே வரிதான்: "நான் படியேறிக்கிட்டு இருந்தேன். அண்ணன் என்னைக் கேட்காமலே இறங்கிட்டார்."

கேட்காமலே! வீட்டு அடுப்பை இரண்டு தரம் குனிந்து பார்க்கிறவர், தலைக்கு மேல் ஒன்றரை டன் இரும்பு தொங்கும்போது கேட்காமல் இறங்கினாராம். எல்லா அதிகாரிகளும் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே.

ஏழாம் நாள் விசில்காரன் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணி, நான்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் அழுதுகொண்டே போனான். அந்த முடிக்காத வார்த்தையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? கம்பெனி படியில் இரண்டு வருடம் ஏறி இறங்கினாள். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரே சாட்சி அவன்தான். அவன் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டான்.

போன வருடம் மகளோடு படித்த ஒருத்தன் அந்தக் கம்பெனியில் சேர்ந்தான். முதல் வாரப் பயிற்சி வகுப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினார்களாம். "அவசரப்பட்டால் இப்படித்தான்" என்று தலைப்பு. கீழே ரெண்டுதரத்தின் புகைப்படம். அவன் விவரம் தெரியாமல் மகளிடம் வந்து சொன்னான், "உங்க அப்பா மாதிரியே ஒருத்தர் படம்" என்று. மகள் அன்று முழுக்க மருந்துக்கடை வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் இப்போது வெள்ளை அங்கி.

மறுநாள் காலையிலேயே அவள் பாஸ்டர் அறையில் போய் நின்றாள். அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கும் பழுதான ஒலிபெருக்கிக்கும் நடுவில் அவருடைய மேசை.

"உக்காருங்க சிஸ்டர்."

"உக்கார வரல. அவன் எப்போலேர்ந்து வர்றான்?"

"எட்டு மாசமா. சாயங்கால ஆராதனைக்கு. நீங்க காலையில வர்றவங்க, அதனால பாத்திருக்க மாட்டீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்…"

"சீட்டுல எழுதி அனுப்பிட்டீங்க."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான். அவள் புருஷனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"சிஸ்டர், இரட்சிப்பு நாம சம்பாதிக்கிறது இல்ல. கையை நீட்டி வாங்கிக்கிறது. நான் அப்படித்தான் வாங்கினேன். நீங்களும் அப்படித்தான். தகுதி பாத்துக் குடுத்தா இந்தச் சபையில ஒருத்தர்கூட இருக்க மாட்டோம்."

"நான் வாங்கினப்போ என் கையில யார் ரத்தமும் இல்ல பாஸ்டர்."

பாஸ்டர் மேசை மேலிருந்த பைபிளை நகர்த்தி வைத்தார்.

"அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"பாவ அறிக்கை பண்ணினதை நான் வெளிய சொல்லக்கூடாது."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"சிஸ்டர், ஆண்டவர் மன்னிச்சுத் தூரப் போட்டதை நாம திரும்பத் தோண்டக்கூடாது. அவன் விசுவாசிச்சான், பாவம் போச்சு. அவ்வளவுதான் நற்செய்தி. அதுல நாம நிபந்தனை சேக்க முடியாது."

"அவன் பாவம் போச்சு, சரி. என் புருஷன் பேர் எங்க போச்சு? அது கம்பெனி வகுப்புல தொங்குது. அதை யார் எடுத்துத் தூரப் போடுவாங்க? மன்னிக்கிறதுக்கு முன்னாடி ஆண்டவர் என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? வீட்டுல பொருள் திருட்டுப் போனா வீட்டுக்காரியைக் கேட்காம போலீஸ்காரன் திருடனை விடுவானா?"

பேசும்போதே பயமாக இருந்தது. அவள் பேசியது பாஸ்டரிடம் மட்டுமல்ல. தினமும் முழங்காலில் நின்று யாரைக் கூப்பிடுகிறாளோ, அவர் மேலும்தான் கோபம். பதினான்கு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவளுக்குத் தூக்கமில்லை. எட்டு மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் தீர்ந்துவிட்டதாம். இது என்ன நியாயம் என்று கேட்டால் கிருபை என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அங்கியை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்," என்றார் பாஸ்டர்.

"வேற யாருக்கு இந்தச் சபையில ஊசியில நூல் கோக்கத் தெரியும்? நானே தைக்கிறேன். அவனை அனுப்புங்க."

வியாழக்கிழமை மதியம் விசில்காரன் வந்தான். ஆறு வருடத்தில் பாதியாக இளைத்திருந்தான். தலை நரைத்திருந்தது. இளைத்தவனைப் பார்த்தால் இரக்கம் வர வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? அவளுக்கு வரவில்லை.

"அண்ணி…"

"கையைத் தூக்கு."

தூக்கினான். தோள், மார்பு, கை நீளம் என்று அளந்து அளந்து தாளில் குறித்தாள். கழுத்தளவு எடுக்க டேப்பைச் சுற்றியபோது, இரண்டு நுனியும் அவள் கைக்குள் இருந்தன. ஒரு இழுப்பு இழுத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க அவளுக்கு விருப்பமில்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அளந்தாள். அவனும் அசையாமல் நின்றான்.

"சமாதானம் கிடைச்சிருக்கு அண்ணி," என்றான் மெல்ல. "அஞ்சு வருஷத்துக்கு மேல தூக்கமே இல்லாம இருந்தேன். இப்போ தூங்குறேன்."

ஆறு வருடமாகக் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருத்தியிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். இந்த மடையன் அதைத் தேடி எடுத்து வந்து சொல்கிறான்.

"நல்லாத் தூங்கு," என்றாள். "என் பங்கையும் சேத்துத் தூங்கு. எனக்கு அது உதவல."

"அண்ணி, நான் அப்படிச் சொல்ல வரல…"

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவர் உன்னைக் கேட்டாரா, கேட்கலையா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"கேட்டார்."

"எத்தனை தரம்?"

வலது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினான். காட்டிவிட்டு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தெரிந்ததுதான். ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். இருந்தாலும் இன்னொருத்தன் கை அதைக் காட்டியபோது, அவர் குரலே பக்கத்தில் கேட்டதுபோல் இருந்தது. பூட்டியாச்சா? பூட்டியாச்சாடா?

"ஞாயித்துக்கிழமை தொட்டிக்குள்ள நின்னு சாட்சி சொல்லணும் இல்ல?" என்றாள். "அதுல இதைச் சொல்லு."

விசில்காரன் பதறினான். "பாஸ்டர் அதெல்லாம் வேண்டாம்னுட்டார் அண்ணி. ஆண்டவர் என்னை மாத்தினார்னு சொன்னாப் போதும்னார். கம்பெனியிலேர்ந்து ஆளுங்க வேற வர்றாங்க. நான்தான் கூப்பிட்டேன். பயிற்சி வகுப்பு எடுக்கிற சார்கூட வர்றார். அவர் முன்னாடி எப்படி… வேலை போயிடும். கேஸ் போடுவாங்க. உள்ள போகணும்."

"ஆண்டவர் உன்னை மன்னிச்சிட்டாரா?"

"மன்னிச்சிட்டார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா அண்ணி."

"வானத்தையும் பூமியையும் படைச்சவரே உன்னை மன்னிச்சிட்டார். நரகத்துக்கே நீ இனிமே பயப்பட வேண்டாம். அப்புறம் எதுக்குடா ஒரு வகுப்பு வாத்தியாருக்குப் பயந்து சாகுறே?"

அவன் விழித்தான்.

"எனக்குப் படிப்பு கிடையாது. பாஸ்டர் மாதிரி விளக்கத் தெரியாது. ஆனா மன்னிப்பு கிடைச்சவன் முதுகு நிமிந்து நடப்பான்னு நெனச்சிருந்தேன். நீ அன்னிக்கு எங்க வாசல்ல கூனிக் குறுகி நின்ன மாதிரியேதான் இன்னிக்கும் நிக்கிறே. நீ நம்புறது ஆண்டவரையா, இல்ல வாயை மூடிக்கிட்டு இருந்தா தப்பிச்சிரலாம்ங்கறதையா? தண்ணிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி உன்னையே கேட்டுப் பாத்துக்கோ. போ. அளவு எடுத்தாச்சு."

அவன் போன பிறகு அவள் துணியை வெட்டினாள். கோபத்தில் வெட்டினாலும் வெட்டு கோணவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. தோளை இணைத்தாள், கையை வைத்தாள், கழுத்துக்குப் பட்டி கொடுத்தாள். கீழ் மடிப்புக்கு வந்தபோதுதான் கை நின்றது. ஈயத் துண்டுகள் இருந்த டப்பா பக்கத்திலேயே இருந்தது.

அவன் சொல்லமாட்டான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். மைக்கைப் பிடித்து, ஆண்டவர் என்னை மாற்றினார் என்று மழுப்புவான். எல்லோரும் அல்லேலூயா சொல்வார்கள். வகுப்பு எடுக்கிறவர் கைதட்டிவிட்டுப் போய் அடுத்த வாரம் ரெண்டுதரத்தின் படத்தைப் போட்டுக் காட்டுவார். சரி. அப்படி மழுப்பும்போது அங்கி மேலே வரட்டும். மார்புக்கும் முகத்துக்கும் ஏறட்டும். தான் கூப்பிட்டு வந்த கூட்டத்துக்கு முன்னாலேயே அரைக்கால் சட்டையோடு தத்தளிக்கட்டும். ஒருத்தன் மானத்தை ஆறு வருடம் மிதக்கவிட்டவனுக்கு அரை நிமிடம் தன் மானம் மிதந்தால் குறைந்துபோகுமா?

பைகளைத் தைத்தாள். துண்டுகளை வைக்கவில்லை. வெறும் பைகளின் வாயை ஒவ்வொன்றாக மூடித் தைத்து நூலை வெட்டினாள்.

சனிக்கிழமை மதியம் மகள் ஐந்து அங்கிகளையும் தேய்த்து மடித்தாள். ஐந்தாவதைத் தூக்கியதும் கையில் வைத்தே எடை பார்த்தாள்.

"அம்மா, இது லேசா இருக்கே. ஈயம் வச்சியா?"

"வச்சாச்சு."

மகள் மடிப்பைத் தடவிப் பார்க்கப் போனவள் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆனால் அப்பாவுக்குப் பிறந்தவள் அல்லவா, விடவில்லை. "நிஜமா வச்சாச்சா?"

"வச்சாச்சுன்னு சொல்றேன்ல! ஒரு தரம் சொன்னா நம்ப மாட்டியா?"

மகள் மடித்துப் பையில் வைத்தாள்.

ஞாயிறு காலை சபை நிரம்பி வழிந்தது. மேடைப் பலகைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் கம்பெனி ஆட்கள் ஐந்தாறு பேர், வேடிக்கை பார்க்க வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டுச் சட்டைப் பையில் இரண்டு பேனா சொருகியிருந்தவர்தான் வகுப்பு எடுக்கிறவர் என்று மகள் காதில் சொன்னாள். தையல்காரி முதல் வரிசையின் ஓரத்தில், துவட்டுத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவும் அவள் வேலைதான்.

முதல் நான்கு பேரும் இறங்கி, சாட்சி சொல்லி, முழுகி எழுந்தார்கள். நான்கு அங்கியும் ஒழுங்காக உடம்போடு ஒட்டிக் கிடந்தன. ஐந்தாவதாக விசில்காரன் படியிறங்கினான்.

முதல் படியிலேயே துணி தண்ணீர் மேல் விரிய ஆரம்பித்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை. பாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்: "இயேசுவை உன் இரட்சகராக விசுவாசிக்கிறியா?"

"நேத்து வரைக்கும் விசுவாசிக்கல," என்றான் விசில்காரன்.

சபை சலசலத்தது. பாஸ்டர் திகைத்தார்.

"எட்டு மாசமா விசுவாசிக்கிறதா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வியாழக்கிழமை ஒருத்தங்க என்னை ஒரு கேள்வி கேட்டாங்க. மன்னிச்சாச்சுன்னா ஏன் பயப்படுறேன்னு. மூணு நாளா யோசிச்சுப் பாத்தேன். நான் நம்பினது என் வாயைத்தான். மூடிக்கிட்டு இருந்தா போதும்னு நம்பினேன். இன்னிக்குத்தான்… இன்னிக்குத்தான் நெசமா நம்புறேன். அதனால சொல்றேன். ஆறு வருஷம் முன்னாடி லிஃப்ட் குழியில செத்த…"

அந்த நேரம் பார்த்து அங்கி எழும்பியது. முன்பக்கம் மார்பு வரை வந்து, பின்பக்கம் தோளைத் தாண்டியது. அவன் முன்னால் அமுக்கினான், பின்னால் வந்தது. பின்னால் கையைக் கொண்டுபோனான். முன்னால் வாயில் வந்து அடைத்தது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அவன் பேச்சு தடுமாறி நின்றது. கண்ணில் அந்தப் பழைய பயம் திரும்பி வருவதை அவள் பார்த்தாள். பாஸ்டர் அவன் தோளைத் தொட்டு, "சரி, போதும் தம்பி, ஆண்டவருக்குத் தெரியும்," என்று அவனைத் தண்ணீரில் சாய்க்கத் தயாரானார்.

போதுமா? ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை ஒருத்தன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் வாயை அடைப்பது எது? அவள் தைத்த துணி. வச்சாச்சு என்று அவள் சொன்ன ஈயம். மகள் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் வச்சாச்சு என்றாள். அவனும் படியில் நின்றுகொண்டு அப்படித்தானே சொல்லியிருப்பான்? தையல்காரிக்கு முகமெல்லாம் எரிந்தது. இப்போது வந்த கோபத்தை யார் மேல் போடுவது என்றே தெரியவில்லை. போடுவதற்கு வேறு ஆளும் இல்லை.

மடியிலிருந்த துவட்டுத் துண்டுகளைத் தரையில் போட்டுவிட்டு எழுந்தாள். செருப்போடு, போட்டிருந்த நல்ல உடையோடு, நாலு படியும் இறங்கித் தண்ணீருக்குள் போனாள். "சிஸ்டர், சிஸ்டர்," என்றார் பாஸ்டர்.

"நீங்க தள்ளி நில்லுங்க பாஸ்டர்." அவள் அங்கியின் விளிம்பை இரண்டு பக்கமும் எட்டிப் பிடித்து, கீழே இழுத்துத் தன் முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். குனிந்து நின்றதில் தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது. அப்படியே சபைப் பக்கம் திரும்பினாள்.

"யாரும் சிரிக்க வேண்டாம். இந்த அங்கிக்கு ஈயம் வைக்காதது நான். மறந்து இல்ல, வேணும்னே வைக்கல. இவன் அவமானப்படட்டும்னு வைக்கல. மகள் கேட்டப்போ வச்சாச்சுன்னு பொய்யும் சொன்னேன். சிரிக்கிறதா இருந்தா என்னைப் பாத்துச் சிரிங்க."

மகள் முதல் வரிசையில் எழுந்து நின்றிருந்தாள்.

"கையை எடு," என்றாள் தையல்காரி விசில்காரனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "துணியை நான் பிடிச்சிருக்கேன். நீ பேசு."

அவன் கையை எடுத்தான். மூச்சு வாங்கினான்.

"குழியில செத்த எங்க அண்ணன், ரெண்டுதரம்… அவர் கேட்காம இறங்கினார்னு விசாரணையில சொன்னேன். பொய். நான் மோட்டார் அறைக்குப் போகவே இல்ல. அஞ்சாவது மாடிப் படியில உக்காந்து போன் பேசிக்கிட்டு இருந்தேன். அண்ணன் பூட்டியாச்சான்னு கேட்டார். பூட்டியாச்சுன்னேன். அவர் வழக்கப்படி ரெண்டாவது தரமும் கேட்டார். டேய், நெசமா பூட்டியாச்சாடான்னு. பூட்டியாச்சுண்ணே, இறங்குங்கன்னு நான்தான் சொன்னேன். அவர்மேல எந்தத் தப்பும் இல்ல. நாளைக்குக் கம்பெனியில போய் இதையே எழுதிக் குடுப்பேன். என்ன வந்தாலும் வரட்டும்."

சொல்லி முடித்தான். பாஸ்டர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னத்திலும் தண்ணீர் வழிந்தது. தொட்டித் தண்ணீரோ என்னவோ. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

விசில்காரன் குனிந்து, தன் அங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். அவன் முகம் சுமை இறங்கிய மாதிரி லேசாகியிருந்தது. அந்த லேசைப் பார்க்க அவளுக்கு இன்னமும் பொறாமையாகத்தான் இருந்தது.

"அண்ணி, நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல," என்றாள். "ஆண்டவர் முந்திக்கிட்டார். நான் அவ்வளவு வேகமா வர முடியாது. வரும்போது வருவேன்."

விளிம்பை விடாமல், கடைசி வரிசையை எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் இரண்டு பேனாவும் வைத்தது வைத்தபடியே இருந்தன.

"பின்னாடி சரியா கேட்கல போலிருக்கு," என்றாள். "அந்தப் பக்கம் திரும்பி நில்லு. சத்தமா, இன்னொரு தரம் சொல்லு."

அவன் திரும்பி நின்று இன்னொரு தரமும் சொன்னான்.